மீதி

நோயை வளர்ப்பதுதான் எனக்கு வேலை.
கண்ணாடித் தட்டில் ஓட்ஸ் கூழை உறையவைத்து
குலைநோய்ப் பூஞ்சாணை அதில் இழுத்துவிடுவேன்.
பத்தாம் நாள், எலி வயிற்றின் நிறத்தில்
மெத்தென்று எழும்பும்.
அழகில்லை என்று சொல்ல மாட்டேன்.

கார்த்திகைக் கடைசி. வெண்ணாற்றுப் பக்கமிருந்து
பனி இறங்கும் நேரம்
வலைக்குள் போய்த் தெளிப்பான் பிடித்தேன்.
முதல் பன்னிரண்டு வரிசை பொன்னி.
அடுத்த பன்னிரண்டும் பொன்னிதான்,
பார்லியின் மரபணு ஒன்று ஏற்றியது.
குச்சியில் எண் இல்லாவிட்டால்
எனக்கே அடையாளம் தெரியாது.

ஆறே நாள்.
இந்தப் பக்கம் இலையெல்லாம் கண்;
ஓரம் பழுப்பு, நடுவே சாம்பல்.
அந்தப் பக்கம் குண்டூசி முனையளவு கறுப்பு,
அதற்குமேல் நகரவில்லை.
பயிரே தன் இலையில் அவ்வளவு இடத்தைக் கொன்று
நோயைப் பட்டினி போட்டுவிட்டது என்றார்
டாக்டர் மங்கையர்க்கரசி.
நான் எண்ணி எழுதிக்கொண்டேன்.

வேலிக்கு வெளியே வாய்க்கால்,
தாண்டினால் குஞ்சிதபாதத்தின் ஆறு மா.
அங்கே யாரும் தெளிக்கவில்லை.
மார்கழியில் கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்தது.
பால் பிடிக்காத வெள்ளைக் கதிர்கள்,
அறுப்பு மெஷின் வாடகைக்கும் காணாது.

“உங்க வலையிலேர்ந்துதான் பறந்து வந்துது.”

இல்லைங்க, நாங்கள் தெளிப்பதற்கு
நாலு நாள் முன்னாலேயே
உங்கள் இலையில் புள்ளி பார்த்தேன் என்றேன்.

“பாத்தியா?
பாத்துட்டுச் சொல்லலியே.”

அதற்கு என் நோட்டில் பதில் இல்லை.

தை பிறந்து ஒன்பதாம் நாள் அறுத்தோம்.
ஏற்றிய பன்னிரண்டு வரிசையும் தலை தொங்க விளைந்திருந்தது.
கட்டி, எடை போட்டு,
குழியில் இறக்கி டீசல் ஊற்றினோம்.
ஒரு மணிகூட வெளியே போகக்கூடாது என்பது விதி.
வைக்கோலும் போகக்கூடாது.
காலி இடத்தில் ஒரு வருஷம் தண்ணீர் கட்டி
முளைப்பதையெல்லாம் பிடுங்க வேண்டும்,
பிடுங்கியதை எழுத வேண்டும்.
பதிவேட்டில் ‘மீதி: பூஜ்யம்’ என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.
மை காய்வதற்குள்
குழிக்குள் நெல் வெடிக்கத் தொடங்கியது.

பட், படபட, பட்.
கார்த்திகைப் பொரி வாசம், தை வெயிலில்.
அது வாய்க்காலைத் தாண்டிப் போயிற்று.
அக்கரையில், அறுக்காமல் விட்ட வயலில்
மாட்டை இறக்கிவிட்டு நின்றவர்
மூக்கை உயர்த்தினார்.

“என்னம்மா பொரிக்கிறீங்க?”

ஒன்று குழிக்கு வெளியே தெறித்து
என் செருப்பருகே விழுந்தது.
வெள்ளையாய் மலர்ந்திருந்தது, இனி முளைக்காது.
பொரியைப் பற்றி விதியில் ஒரு வரியும் இல்லை.
டாக்டர் அந்தப் பக்கம் திரும்பி
போனில் பேசிக்கொண்டிருந்தார்.
குனிந்தேன்.