நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில்

நுரையீரல் இரண்டும் கெட்டுவிட்டன,
மயக்கினால் எழாமலே போகலாம் என்றார்கள்.
அங்காராவின் லிஃப்ட் குழிகளில் முப்பத்தோரு வருடம்
கிரீஸும் தூசியும் சிகரெட்டுமாய்
நானே சேர்த்த சொத்து.
"முழித்திருக்கும்போதே செய்துவிடலாம், ஷெவ்கெத் பே"
என்றார் டாக்டர் நெஸ்லிஹான்,
கடைவாய்ப் பல் பிடுங்குவதைப் போல.

முனெவ்வரிடம் சொல்லவில்லை.
தூங்க வைப்பார்கள், எழுந்ததும் பசிக்கும் என்றேன்.
நெஞ்சறிந்த பொய்.
அந்த நெஞ்சைத்தான்
மறுநாள் எட்டு மணிக்குத் திறந்தார்கள்.

உட்கார வைத்து முதுகை வளைக்கச் சொன்னார்கள்.
முதுகின் முதல் எலும்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே
நூல் மாதிரி ஒரு குழாய்.
வெந்நீர் பட்டதுபோல் தோள் இளகியது.
ஐஸ் துண்டை விலா விலாவாக வைத்துக் கேட்டார்:
இங்கே குளிர்கிறதா? இங்கே?
தொப்புளுக்கு வந்தபோதுதான் குளிர்ந்தது.
கழுத்துக்கும் தொப்புளுக்கும் இடையில் இருந்தவன்
எங்கோ போயிருந்தான்.

முகவாய்க்குக் கீழே பச்சைத் துணி கட்டினார்கள்.
இந்தப் பக்கம்
நான், விளக்கின் ஒரு விளிம்பு, நெஸ்லிஹானின் மூக்குக்கண்ணாடி.
அந்தப் பக்கம்
என் உடம்பும் நாலு பேரும்.

ரம்பச் சத்தம் எனக்குப் பழக்கம்.
குழிக்குள் தண்டவாளம் அறுக்கும்போதும் இதே சுருதிதான்.
வலிக்கவில்லை.
கட்டிய பல் மட்டும் அதிர்ந்தது.
கருகல் வாசனை வந்தபோது
எந்த வயர் என்று
பழக்கதோஷத்தில் தேடினேன்.

"பேசிக்கொண்டே இருங்கள், குரல் நின்றால் எனக்குப் பயம்."
என்ன பேச?
ஃபாத்திஹா ஓத ஆரம்பித்தேன்,
மூன்றாம் வரியில் நிறுத்தினேன்.
சாகிறவன் ஓதுவது போலிருந்தது.

துணிக்கு அப்பால் இருந்து சர்ஜன் ஒர்ஹுன்:
"நீங்கள் லிஃப்ட் மெக்கானிக்காமே?
எங்கள் கட்டடத்தில் ஒன்று
நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நிற்கிறது.
மோட்டாரை மாற்று என்கிறான் கம்பெனிக்காரன்."

"மோட்டாரைத் தொடாதீர்கள்.
ஐந்தாம் மாடிக் கதவுப் பூட்டைப் பாருங்கள்.
காண்டாக்ட் தேய்ந்திருக்கும்.
மூடிய கதவைத் திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு
பாவம், பயந்து நிற்கும்."

யாரோ சிரித்தார்கள்.
எனக்குள் இருந்த கைகள்
சிரிப்புக்கு அசையவில்லை.

"இப்போது பிடிக்கப் போகிறேன்" என்றது அதே குரல்.
எதை என்று கேட்கவில்லை.
தூங்கும் பூனையை மடி மாற்றும்போது இருக்குமே,
அந்தக் கனம், அந்தச் சின்ன எதிர்ப்பு.
அறுபத்திரண்டு வருடமாக யார் கையும் படாதது
மூன்றாம் மனிதர் ஒருவரின் விரல்களுக்கிடையே
துடித்துக்கொண்டே தையல் வாங்கியது.

பிறகு
மூச்சு பாதி வந்து
நின்றது.

நுரையீரலின் உறையில் கடுகளவு கிழிசலாம்,
பிறகு சொன்னார்கள்.
அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம்
இருட்டுப் பெட்டிகளுக்குள் அகப்பட்டவர்கள்.
எத்தனை பேருக்கு மேலிருந்து கத்தியிருப்பேன்:
ஆறு கயிறு இருக்கிறது, விழாது,
கதவைக் குத்தாதே,
உன் பெயரைச் சொல், திரும்பச் சொல்.
ஒருவரின் முகத்தைக்கூட
அந்த நேரத்தில் நினைத்துப் பார்த்ததில்லை.

முகமூடி இறங்கியது.
"பெயரைச் சொல்லுங்கள்" என்றார் நெஸ்லிஹான்.
ஷெவ்
என்றேன்.
காத்திருந்தார்.
கெத்.

மூன்றாம் நாள் வார்டுக்கு வந்தார் ஒர்ஹுன்.
பிளாஸ்டிக் உறையில் ஒரு செம்புத் துண்டு,
ஒரு பக்கம் தேய்ந்து கறுத்திருந்தது.
"ஐந்தாம் மாடியேதான்!
திறந்த மார்போடு படுத்துக்கொண்டு எப்படிச் சொன்னீர்கள்?"

முனெவ்வர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள்.
உறையை வாங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.
சுளை சுளையாக
நாரை மட்டும் உரித்து உரித்துத் தந்தாள்.