அசைநிலை

கிரிம்ஸ்பி மீன்சந்தையில் காலை நாலரைக்கு
ஹெட்லி பிளாஞ்சார்டின் முதல் சொல்
குளிருக்குப் போய்விடும்.
ப்ளடி குளிர்.
பிறகு கொதிக்க மறுக்கும் ப்ளடி கெட்டில்,
ப்ளடி ஐஸ்,
கதவிடுக்கில் கோட்டைக் கொடுத்துவிட்டு நிற்கும்
ப்ளடி முட்டாள். அது அவரேதான்.

அகராதியில் அதற்குள் ரத்தம் இருக்கிறது.
ஹெட்லியின் வாயில் ஒன்றும் இல்லை,
எடையைத் தவிர.
நான் எடை எழுதுகிறவன், எனக்குத் தெரியும்:
தட்டில் யாரும் பார்க்காமல் ஒரு விரல் வைப்பதுபோல
வாக்கியத்தின்மேல் வைப்பார்.

நல்ல காட் மீன் வந்தால்
செவுளைத் தூக்கிப் பார்த்து
ப்ளடி அழகு என்பார்.
அழுகினதற்கும் அதே சொல்தான்.
நல்லதென்றால் நாக்கு
'ப்ள'வில் கொஞ்சம் தங்கிப் போகும்.

ஒருநாள் ஏலக்காரர் கேட்டார்,
இது நேற்றுப் பிடித்ததுதானா?
ஆப்ஸோப்ளடிலூட்லி என்றார் ஹெட்லி.
ஒரு சொல்லைப் பிளந்து
உள்ளே இன்னொன்றை உட்காரவைத்த அந்த நேரத்தில்
எனக்கு இலக்கணம் ஞாபகம் வந்தது.
மரத்தை என்பதன் நடுவே
தனக்கென்று பொருள் ஏதுமில்லாமல்
அத்து நிற்கவில்லையா?

வீட்டில் மட்டும் தடை.
வினிஃப்ரெட்டின் சமையலறையில் ஒரு பிஸ்கட் டப்பா,
சொல்லுக்கு இருபது பென்ஸ்.
போன கோடையில் அந்தக் காசில்தான்
ஸ்கெக்னெஸ் போய்வந்தார்கள்.
ஓயாத மழை.
திரும்பும்போது டப்பாவுக்கு
ஒரு பவுண்டு நாற்பது பாக்கி.

இந்தச் செவ்வாய்க்கிழமை
ஹேடக் அறுக்கையில் கத்தி வழுக்கி
கட்டைவிரலின் அடியில் எலும்புவரை போனது.
வெள்ளைப் பலகை முழுக்கச் சிவப்பு.
வரிசை மொத்தமும் கத்தியைக் கீழே வைத்து
அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தது.
அதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம்
வாய்க்கப்போவதில்லை.

ஹெட்லி கையைப் பார்த்தார்.
ஓ டியர் என்றார்,
டீக்கோப்பையைத் தவறவிட்ட
பாதிரியார் மனைவி மாதிரி.

அப்போதுதான் நாங்கள் பயந்தோம்.
துண்டு தேடி ஓடினாள் ஷோனா,
ஐஸ்பெட்டியில் இடறி விழுந்து எழுந்து.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன்.
பதினொரு தையல்.
வெளுத்துப்போய்ப் படுத்திருந்தார்,
நர்ஸிடம் ப்ளீஸ், தேங்க் யூ,
இரண்டே சொல்.

வினிஃப்ரெட் மூச்சு வாங்க வந்தார்.
நனைந்த குடையை என்னிடம் நீட்டினார்.
கட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்,
கைப்பையைத் திறந்து
வெகுநேரம் துழாவினார்.
மருந்துத் தட்டின் பக்கத்தில்
இருபது பென்ஸ் ஒன்றை வைத்தார்.

பிறகுதான் வாயைத் திறந்தார்.