எண் பதினேழு

அமலி தனராஜின் படங்களுக்குத் தலைப்பு கிடையாது.
எண் மட்டும்.
மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவனுக்கு
அந்த ஒன்றே போதுமாக இருந்தது.
செவ்வாய்ப்பேட்டைப் பழைய பேப்பர் கடையில்
தராசுத் தட்டிலிருந்து அவர் தொகுப்பை எடுத்தேன்.
நாற்பது ரூபாய்.

பதினேழாம் எண்:
பக்கத்தில் முக்கால் பங்கு கறுப்பு.
மேல் மூலையிலிருந்து ஒரு வெள்ளை
சாய்வாக இறங்கிவந்து
பாதியில் நின்றுவிடுகிறது,
சொல்ல வந்ததை விழுங்கிவிட்ட மாதிரி.
சுவரா, தண்ணீரா, காயும் வேட்டியா,
மூன்று வருஷம் பார்த்தும் பிடிபடவில்லை.
மனைவி எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
பிரிண்ட் சரியா விழலையா?

சீட்டுப் பணத்தில் கேமரா வந்தது.
ஜங்ஷன் பிளாட்பாரத்தில் பெஞ்சுகளின் நிழலை எடுத்தேன்.
போலீஸ்காரர் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்.
மாமாங்கத்தில் வெள்ளைக்கல் சுரங்க வேலியோரம்
ஒரு ஞாயிறு முழுக்க நின்றேன்.
வெள்ளை இருந்தது, கறுப்பு அமையவில்லை.
ஏற்காட்டுக்குப் போனேன்.
பதிமூன்றாம் வளைவில் மூடுபனி
எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பலைப் பூசிக்
கையைத் துடைத்துக்கொண்டு போனது.
மேலே சில்வர் ஓக் மரங்கள் படத்திலும்
சில்வர் ஓக் மரங்களாகவே இருந்தன.
தோல்வி என்றால் அதுதான்.

பிறகு மே மாதம்,
அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு சின்ன சேகோ ஆலை.
மணி பன்னிரண்டேகால்.
மீட்டர் பெட்டியை மூடிவிட்டுத் திரும்பினால்
சிமெண்ட் களம் முழுக்க
காயப்போட்ட மாவு.
கூசிக் கண்ணில் தண்ணீர் வந்தது.
மூக்கில் கிழங்குத் தண்ணீரின் புளித்த வாடை.
ஷெட்டின் நிழல் குறுக்கே
அளந்து வெட்டி வைத்ததுபோல் கிடந்தது.

இரண்டு ஸ்டாப் குறைத்தேன்.
நிழல் கெட்டியானது.
இன்னும் ஒன்று.
உள்ளே இருந்த சாக்கு, பிளாஸ்டிக் குடம்,
கழற்றிவிட்ட செருப்புகள்
ஒவ்வொன்றாகக் கறுப்புக்குள் இறங்கின.
அப்போது ஒருத்தி
மாவைக் கிளறிக்கொண்டு குறுக்கே வந்தாள்.
அவளும் பலகைக் கம்பும் காலடி நிழலும்
சேர்ந்து ஒரே கோடு.

அழுத்தினேன்.
(அந்த ஆலையின் ரீடிங்கை
எழுதாமலே வந்துவிட்டது
மறுநாள்தான் தெரிந்தது.)

காட்டச் சொன்னாள். பெயர் நிரோஷா.
தலைத்துண்டால் வெயிலை மறைத்துத்
திரையில் குனிந்தாள்.
"இதுல நான் எங்கண்ணா?"
கோட்டைக் காட்டினேன்.
முகத்தை, மூக்குத்தியை,
சேலைக்கு மேல் போட்டிருந்த
தொளதொளத்த ஆம்பளைச் சட்டையை
அழித்ததற்கு
ஒரு மன்னிப்பு தயாராக வைத்திருந்தேன்.

சிரித்தாள்.
"நல்லவேளை, மூஞ்சி தெரியல.
வீட்ல தையல் கிளாஸ்னு சொல்லிட்டு வர்றேன்.
இத நீங்க எங்க வேணா மாட்டுங்க."
நாலடி போய்த் திரும்பி,
"என் செல்லுக்கும் அனுப்புங்க,
டிபில வைக்கிறேன்."

மூன்று வாரம் அந்தக் கோடு இருந்தது.
பிறகு ஒரு ரோஜா.

ஒரு ராத்திரி லேப்டாப்பில்
கறுப்பைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன்.
சாக்கு வந்தது. குடம் வந்தது.
செருப்பு ஏழு.
சுவரோரம், அன்று நான் பார்க்கவே இல்லாத ஒருவர்
காலை நீட்டிப் படுத்தபடி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
இறக்கிவிட்டேன்.

பதினேழாம் எண்ணை இப்போதும் திறக்கிறேன்.
காகிதத்தில் தூக்கிப் பார்க்க வழியில்லை.
யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தாரோ
அமலி தனராஜ்.
வெள்ளை நின்றுபோகிற இடத்தில்
விரல் வைத்தால்
கறுப்பு லேசாக மேடு தட்டுகிறது.

மைதான்.
மையாகத்தான் இருக்கும்.