சத்தம் வராத கை

சனிக்கிழமை ஐந்தரைக்கு
பாசையூரில் றெக்ஸ்ரனின் வலைக்கடை
கதவை அரைவாசி இழுத்துக்கொள்ளும்.
வலைப் பொதிகள் ஒரு மூலைக்கு,
ஈயக்குண்டு வாளி மேசைக்கடிக்கு.
செத்தவீடுகளுக்கு வாடகைக்குப் போய்வரும்
நீலக் கதிரைகள் பதினொன்று வட்டமாய் நிற்கும்.
ஒன்றுக்குக் கால் கட்டை.
பிந்தி வருகிறவருக்கு அதுதான் தண்டம்.

யூக்குலேலே என்று நாக்குப் புரள
எங்களுக்கே இரண்டு கிழமை எடுத்தது.
ஐஸ் வாடிக்காரர் இன்னும்
"கிற்றாரின்ர குட்டி எப்பிடி, பால் குடிக்குதோ?"
என்றுதான் எட்டிப் பார்ப்பார்.

நரம்பு அறுந்தால் கொழும்புக்குச் சொல்லிவிட வேண்டும்.
றெக்ஸ்ரன் சொல்லிவிடவில்லை.
தட்டிலிருந்து தங்கூசிச் சுருள்களை இறக்கி
இது பாரைக்கு, இது சீலாவுக்கு என்று
தடிப்புத் தடவிப் பார்த்து வெட்டிக் கட்டினான்.
என்னுடையதில் இரண்டாம் நரம்பு பாரைக்கு வந்தது.
முறுக்கினால் கொஞ்ச நேரம் விறைத்து நிற்கும்,
பிறகு மெல்ல இளகும்,
கடன் கேட்க வந்தவனின் குரல் மாதிரி.

வங்கியில் காசாளர் வாகீசன்
தாளத்தையும் நோட்டுப்போல விரித்துப் பிடித்து எண்ணுவார்:
ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.
கிழிந்ததைத் திருப்பித் தருவார்.
மஃரிபுக்கு இல்ஹாம் உள்ளறைக்குப் போனால்
எங்களுக்குத் தேத்தண்ணி இடைவேளை.
அவன் தொழுதுவிட்டு வரும்போது
அவனுடைய வடையை யாரோ சாப்பிட்டிருப்பார்கள்.
யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சொல்ல வந்தது இதுவல்ல.

எட்டுக் கிழமையாய் நான் வாசிக்கவேயில்லை.
இடக்கை நரம்பைத் தொடும், அழுத்தாது.
வலக்கை மேலும் கீழும் போய்வரும்,
நரம்புக்கு ஒரு நெல்மணி உயரத்தில்.
பாமசியில் மாத்திரை எண்ணுகிற கைக்கு
பிழைவிடப் பயம்.
தலையை மட்டும் நல்லாய் ஆட்டுவேன்.
"பிடிச்சிட்டீர்" என்று வாகீசன் ஒருநாள் மெச்சினார்.
அன்றிரவு சோறு இறங்கவில்லை.

போன சனி நான் பிந்தினேன். கட்டைக்கால் கதிரை.
மெட்டு அவர்களே கட்டியது,
மூன்று கோர்ட், வரிகள் கிடையாது.
இரண்டாம் சுற்றில் கரண்ட் போனது.

யாரும் நிற்பாட்டவில்லை.

கடை முழுக்க இருட்டு, மெழுகின கயிற்று மணம்,
எங்கேயோ ஒரு வள்ளத்தின் எஞ்சின்,
நடுவில் ஒண்டு ரெண்டு மூண்டு நாலு.
என் கையை எனக்கே தெரியவில்லை.
அழுத்தினேன்.
கறகறத்தது, ஈ அடைபட்ட போத்தல் மாதிரி.
இன்னும் அழுத்தினேன்.
கதிரை அதன்பாட்டில் தாளத்துக்கு ஆடத் தொடங்கியது,
டக், டக்.
ஒரு சத்தம் வந்தது. என்னுடையது. கேட்டேன்.
அடுத்த அடியில் அதைக் காணவில்லை.
தேடினேன்.
பத்துப் பேரின் சத்தத்துக்குள்
உலையில் போட்ட உப்பாய்ப் போய்விட்டது.
எதையாவது துலைத்துவிட்டு
இப்படிச் சிரித்ததில்லை நான்.

கரண்ட் வந்தது. எல்லோரும் கண்ணைச் சுருக்கினோம்.
"என்ன, இண்டைக்கு ரெண்டு பேர் கூட வந்திருக்கினமோ?"
றெக்ஸ்ரன் கதிரைகளை எண்ணினான். பதினொன்று.
திரும்ப எண்ணினான்.

ரெண்டு பேரா?

பக்கத்தில் தாதி சுகந்தமலர்
இடக்கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தா.
விரல்நுனியில் சிவப்பாய்க் கோடு,
என்னுடையதில் இருந்த அதே கோடு, புதுசாய்.
"எத்தினை கிழமை?" என்றேன் மெல்ல.
"ஆறு" என்றா. "உமக்கு?"

திங்கட்கிழமை விரல் இன்னும் சுட்டது.
பத்து மாத்திரை கேட்டு வந்தவருக்கு
எப்போதும்போல் இரண்டிரண்டாய்த் தள்ளாமல்
நாலு நாலாய்த் தள்ளிக்கொண்டிருந்தேன்,
நாலு, நாலு, நாலு.
"பிள்ளை, ரெண்டு கூடப்போட்டுது" என்றார் அவர்.