பத்து வருஷம் செல்லும் படம்

காலி வீதியில், கொத்துரொட்டிக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி ஸ்டூடியோ.
"காது தெரியவேணும் அன்ரி,
ஸ்காஃபைக் கழட்டுங்கோ" என்கிறான் பொடியன்.
குடையை எங்கே வைப்பது என்று கேட்டேன்.
இன்னும் ஆட்கள் வருவார்களா என்று கேட்டேன்.
பிறகு கழற்றினேன்.

கடைசி மருந்து ஏறிப் பதினாறு மாதம்.
ஆறில் வரும் என்றார்கள்.
புருவம் வந்தது. மூக்குக்குள் வந்தது.
மேலுதட்டில், யாரும் கேட்காமலே, வந்தது.
தலையில் மட்டும்
பிடரியோரம் ஒரு வளையம்,
உச்சியில் சூப்பிப்போட்ட பனங்கொட்டை.

மகரகமவில் சிவப்பு மருந்துக்குத்தான் எல்லோரும் பயந்தோம்.
வாங்கில் பக்கத்தில் இருந்த பியசீலி
அதைக் கண்டாலே முகம் திருப்புவாள்.
பின்னால் வந்தது நிறமில்லாதது,
தண்ணீர் மாதிரி, சாது மாதிரி.
அதுதானாம்.
"சிலருக்கு அப்படியே நின்றுவிடும்" என்றார் டொக்டர்,
பேனையை மூடிக்கொண்டே.
சிலர் என்றால் எத்தனை பேர்?
"உயிர் இருக்கே அம்மா."
இருக்கு.
அதை வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

அழவும் வெட்கம்.
பியசீலியின் இடத்தில் இப்போது வேறொருத்தி இருக்கிறாள்.
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச்
சீப்பைக் கழுவுகிறேன்,
அழுக்கே பிடிக்காத சீப்பை, வாராவாரம்.

தொண்ணூற்றெட்டில், கிருலப்பனைச் சோதனைச் சாவடியில்
ஒரு பெண் சிப்பாய் என் பின்னலுக்குள்
விரலை விட்டுத் துழாவினாள்,
அடிமுதல் நுனிவரை, அவசரமில்லாமல்.
வீட்டுக்கு வந்து மூன்று தரம் முழுகினேன்.
வெட்டியெறியக் கத்தரிக்கோல் எடுத்தேன்;
குகநேசன் கையைப் பிடித்துக்கொண்டார்.
இப்போது
சூப்பர்மார்க்கெட் வாசலில் காவலாளி
என் ஸ்காஃபைப் பார்த்துவிட்டுப்
பையை இரண்டு தரம் திறக்கிறான்.
ஓட்டோக்காரர் சலாம் சொல்கிறார்.
நானும் சொல்கிறேன், என்ன செய்ய.
மேல்மாடி ஷிஹாரா விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.
ஊசி குத்தாமல் கட்டக் காட்டித் தந்தவளே அவள்தான்.

குகநேசன் ஒன்றும் சொல்வதில்லை.
வெள்ளிக்கிழமை பூ வாங்குவதை நிறுத்தவுமில்லை.
சாமிப்படத்துக்குப் போட்டுவிடுகிறேன் என்கிறேன்.
சாமிக்கு அவர் தனியாக வாங்கி வருகிறார்.
அந்த ஒரு முழம்
சாப்பாட்டு மேசையில் கிடந்து பழுப்பாகிறது.

"அன்ரி, கொஞ்சம் முடி போட்டு விடவா?
ஒருத்தருக்கும் விளங்காது."
திரையில் யாரோ ஒருத்தியின் கூந்தலை இழுத்து
என் நெற்றியில் இறக்கினான்.
வாடகைக்கு வந்த ஆள் போல
அது விளிம்பில் உட்கார்ந்தது.
வகிடு என் வகிடு இல்லை.
ஆனாலும் பார்த்தேன். கனநேரம் பார்த்தேன்.
ஏன் பொய், வடிவாய்த்தான் இருந்தது.

"பாஸ்போட் பத்து வருஷம் செல்லும் அன்ரி,
யோசித்துச் சொல்லுங்கோ."

பத்து வருஷம்.
போன வருஷம் என் முன்னால்
ஒருத்தரும் எடுக்காத சொல்.
ஐந்துக்கே சதவீதம் வைத்துக் கதைத்தார்கள்.
இவன் யோசிக்காமல் தந்துவிட்டான்,
எழுநூறு ரூபாவுக்கு, எட்டுப் பிரதி.

சந்தோஷப்பட்டேன் என்று எழுத மாட்டேன்.
பத்து வருஷமும் இந்தத் தலையோடா
என்றுதான் முதலில் ஓடியது.
கடலோரம் ரயில் ஒன்று போய்
கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"எடுத்துவிடு தம்பி."
ஒரு கிளிக்கில் போய்விட்டது.
போன தரம் மூன்று கிழமை எடுத்தது.

காசை எண்ணி வைத்துவிட்டு
கதவடியில் நின்று கேட்டேன்:
"போனதைத் திரும்பக் கொண்டுவர ஏலுமா?"
"ஏலும் அன்ரி. ஒரு பட்டன்தான்."
"அதிலும் ஒன்று அடி.
கந்தோருக்கு இல்லை."

அதற்குக் காசு தனி என்றான்.
கொடுத்தேன்.