பக்கம் 471

ஓய்வு விழாவுக்குப் பட்டியல் கேட்டார்கள்.
மூன்று நாள் கெடு. ஊலு நகரத்து மருத்துவ நூலகத்தில்
நான் ஒருத்தி, முனகுகிற ஹீட்டர் ஒன்று,
ஜன்னலில் ஏப்ரல் வந்தும் போகாத பனி.

பேராசிரியர் இர்யா அஹோகங்காஸ்.
கட்டுரைகள் நூற்று அறுபத்து மூன்று.
அவற்றைச் சுட்டியவை பதினோராயிரத்துச் சொச்சம்.
சொச்சத்தை எண்ணத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் கட்டுரை ஆறே பக்கம்.
கைனு காட்டுக்குள் பதினான்கு குடும்பங்கள்;
ஆறு வயதில் பார்வை மங்கி
ஒன்பதில் பேச்சு உதிர்ந்து
மீசை அரும்புமுன் முடிந்துபோகிற பிள்ளைகள்.
சதுரம் ஆண், வட்டம் பெண்.
உள்ளே கறுப்பு என்றால் நோய்.
குறுக்கே கோடு கிழித்திருந்தால்
இப்போது இல்லை.

தேவாலயம் தேவாலயமாகப் பனிச்சறுக்கில் போய்
ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறார்.
முந்நூறு வருடம் பின்னால்
பதினான்கு கோடும் ஒரு வீட்டு வாசலில் கூடின:
காட்டை எரித்து ரை விதைத்த ஒருவன், அவன் மனைவி.
இருவரில் யாரிடமிருந்து என்று தெரியாது.
யாரிடமோ ஓர் எழுத்து மாறியிருந்தது,
ஏடு பெயர்த்தவன் தூங்கி விழுந்ததுபோல.

தலையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.
எந்த எழுத்து என்று கேட்டார்.
கேட்டு முடிக்க இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

இரண்டாம் நாள் மாலை அது கண்ணில் பட்டது.
கட்டுரை தொடங்குவது 471ஆம் பக்கம்.
லூவனிலிருந்து ஒருவர் எழுதிய தொகுப்புரையில் 417.
அதைப் பார்த்து எடின்பரோவில் 417,
அதைப் பார்த்து சாவோ பாவ்லோ, லியூப்லியானா,
ஈயடிச்சான் காப்பி, தொண்ணூற்று நான்கு தடவை.
அந்தத் தொகுதியை எடுத்து 417ஐப் புரட்டினேன்:
சௌனாவில் மயங்கி விழுந்தவர்களின் ரத்த அழுத்தம்.

வேலையை விட்டுவிட்டு
நானும் ஒரு வம்சாவளி வரைந்தேன்.
பிழையைச் சுமந்த கட்டுரைகளுக்குக் கறுப்பு.
நடுவில், ஒசாகாவில், ஒரே ஒரு வெள்ளைச் சதுரம்:
எவரோ உண்மையிலேயே எழுந்து போய்
அலமாரியிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறார்.
அவருக்கு ஒரு கடிதம் எழுதத் தோன்றியது.
எழுதவில்லை.

படத்தை இர்யாவிடம் காட்டினேன்.
இருமல் வரும்வரை சிரித்தார்.
பிறகு பென்சிலை வாங்கி
கீழ்வரிசையில் ஒரு வட்டம் போட்டு, கறுப்பாக்கி,
பக்கத்தில் எழுதினார்: இ. அ., 1989.
என் கட்டுரையை நானே தப்பாகச் சுட்டியிருக்கிறேன், பார்.
அவசரம். எடின்பரோவைப் பார்த்து எழுதியிருப்பேன்.
கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
சுமக்கிறவர்களுக்குத் தெரியாது, என்றார்.
ஆறு பக்கமும் அதைத்தானே எழுதினேன்.

பட்டியலில் எந்த எண் போடட்டும் என்றேன்.
சரியானதைப் போடு.
மற்றது தானாகப் பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் அவர் அறையைக் காலி செய்தோம்.
அடியிழுப்பறையில் பழுத்த ஒரு பிரதி;
அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு ஒன்று அனுப்பியிருக்கிறார்.
ருவோகோவாராவில் ஸைமி என்ற அம்மா இறந்தபின்
வீட்டை விற்றவர்கள் திருப்பி அனுப்பியது.
ஓரமெல்லாம் காபிக் கறை.
ஒன்பதாம் தலைமுறை, நான்காவது ஆள்,
கறுப்பு வட்டம், குறுக்கே கோடு.
அதன் அருகே பென்சிலில், பள்ளிக்கூடக் கையெழுத்தில்:
அவுனே. இடதுகைக்காரி.

எந்தக் குறியீட்டு நிரலிலும்
இதைச் சேர்க்க இடமில்லை.
கதவைச் சாத்திவிட்டுச் சேர்த்தேன்.
பதினோராயிரத்து இருநூற்று ஏழு என்றிருந்ததை
எட்டு ஆக்கினேன்.

அழைப்பிதழில் இடம் போதாமல்
பதினோராயிரத்துக்கும் மேல்
என்று அச்சடித்துவிட்டார்கள்.