கழுத்தில் ஒரு மேடு

எழுபத்திரண்டு மணி நேரம் கழித்துத்
தோலைப் படிக்கப் போனேன்.
லீட்ரிமில் அன்றும் மழை.
வயலுக்குள் கோரையா, கோரைக்குள் வயலா,
மாலக்கி மெக்கீர்னனுக்கே தெரியாது.

கழுத்தில் மழித்த இரண்டு வட்டம்.
மேலே பறவையின் காசநோய்ச் சாறு,
கீழே மாட்டினுடையது.
கட்டைவிரலால் தடவி, காலிப்பரால் கவ்வி:
317. மேலே ஏழு மில்லிமீட்டர். கீழே ஏழு.
மேடில்லை, குற்றமில்லை.
ஈரத் தாளில் கையெழுத்திட்டேன்.

அக்டோபரில் இறைச்சிக்கூடத்திலிருந்து தொலைபேசி.
317இன் நுரையீரலில் மஞ்சள் கட்டிகள்,
பட்டாணி அளவு, பழையவை.
கல்லீரலை அறுத்தவரின் கத்தி
சுண்ணாம்பில் உரசிக் கிறீச்சிட்டதாம்.
பித்தக்குழாய் ஒவ்வொன்றும் களிமண் புகைக்குழல்;
உள்ளே
நனைந்த இலைபோல் தட்டைப்புழுக்கள்.
நாற்பதுக்கு மேல் எண்ணவில்லையாம்.

"ஊசி பொய் சொன்னதா, நீ சொன்னாயா?"
மாலக்கி கேட்டார். கோபம்கூட இல்லை குரலில்.

எப்படிச் சொல்வேன்.
சேற்று நத்தைக்குள் பெருகி,
புல்நுனியில் ஒட்டிக் காத்திருந்து,
குடலைத் துளைத்து ஈரல் ஏறிய அது
படையோடு மோதவில்லை.
படையிடம் பேசியது.
இங்கே பகை யாருமில்லை, வெறும் காயம்.
வேலைக் கீழே போடுங்கள்,
வேலையைப் பாருங்கள்.
வீரரெல்லாம் கொத்தனார் ஆனார்கள்.
பூசினார்கள், பூசினார்கள்,
எதிரி குடியிருக்கும் வீட்டுக்கு
ஈரலின் செலவில் சுவர்.
அந்தச் சந்தடியில்
கழுத்தில் நான் தட்டிய கதவைத்
திறக்க ஆளில்லை.

டப்ளினில் கிரோன்யா
கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்டுப் பார்க்கிறாள்.
ஈரலை எட்டிவிட்டால் அதோடு வாதாட முடியாது என்கிறாள்.
குடலுக்கும் ஈரலுக்கும் நடுவே
குட்டிப்புழு வழி தேடும் அந்தச் சில நாளில் பிடிக்க வேண்டும்;
அது அறுத்துக்கொண்டு போகும் நொதியை
உடலுக்கு முன்பே காட்டிவைக்க வேண்டும்.
ஒரு முறை பாதிப் புழு குறைந்தது.
மறுமுறை ஒன்றுமே இல்லை.
அதே மருந்து, அதே இனக் கன்று.
வேறு நோய்க்குப் போடும் ஊசிகூட
புழு இருக்கும் மாட்டின் காதில்
அரைகுறையாகத்தான் விழுகிறதோ என்று
அவளுக்கு இன்னொரு சந்தேகம்.

"பாதிக்கு உரிமம் தரமாட்டார்கள்" என்றேன் மாலக்கியிடம்.
"எனக்குப் பாதி போதும்" என்றார்.

மந்தையைப் பூட்டினோம். எல்லாவற்றுக்கும் புழுமருந்து.
அறுபது நாள் போய் மீண்டும் ஊசி, மீண்டும் மூன்று நாள்.
402. வெள்ளை நெற்றி.
அவர் மகள் ஊனா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது.

கட்டைவிரல் நின்றது.
கீழ் வட்டத்தில் மேடு,
சூடாக, இறுகலாக.
காலிப்பர் இருபத்தொன்றில் நின்றது.
மருந்தாலோ நாளாலோ தெரியாது,
உள்ளே யாரோ கதவைத் திறந்திருந்தார்கள்.

எண்ணை உரக்கச் சொல்வது வழக்கம்.
தகரக் கூரையில் மழை.
ஊனா பென்சிலோடு காத்திருந்தாள்.

சொன்னேன்.